ஒரு செப்புக்காசும் எட்டெழுத்துச் சந்தேகமும்

கோபாலபுரத்தில் எங்கள் வீட்டுப் பரணை மழைக்காலத்துக்கு முன் ஒழித்தபோது, என் மாமனார் கரூரில் ரயில்வே உத்தியோகம் பார்த்த நாட்களில் சேர்த்து வைத்த சாமான்கள் அடங்கிய தகரப் பெட்டியின் அடியில், மூடி துருப்பிடித்த கோபால் பல்பொடி டப்பா ஒன்று அகப்பட்டது. அதற்குள்ளே அரையணா, காலணா, ஓட்டைக் காலணா முதலிய பழைய சில்லறைகளோடு கலந்து, சுண்டுவிரல் நகத்தைக் காட்டிலும் சற்றே பெரிதாய், பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறிய ஒரு செப்புத் துண்டும் கிடந்தது. அதை உதறிக் குப்பையில் போடாமல் இருந்ததற்கு என் அறிவைக் காரணமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பியபோது விளிம்போரம் ஓர் எழுத்தின் சாயல் தென்பட்டது, அவ்வளவுதான்.

அடுத்து நான் செய்த காரியம், காசு சேகரிக்கத் தொடங்கும் எவனும் முதல் நாளிலேயே செய்து, பின்பு வாழ்நாள் முழுவதும் வருந்தும் காரியம். பூஜைப் பாத்திரங்களைத் துலக்குகிற வீட்டில் வளர்ந்தவனுக்குச் செம்பைக் கண்டதும் புளி ஞாபகம் வருவது இயற்கை. கரைத்த புளியில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தேங்காய் நாரால் ஒரு பக்கத்தைத் தேய்த்தேன். களிம்பு நீங்கிச் செம்பு பளிச்சென்று சிவந்தது. அந்தப் பக்கத்து எழுத்துகளில் பாதியும் களிம்போடு சேர்ந்து போய்விட்டன. நூற்றாண்டுக் கணக்கில் ஈரமண்ணில் கிடக்கும் செம்பு தன் மேற்பரப்பை மெல்ல மெல்ல வேறொரு தாதுப் பொருளாக மாற்றிக்கொண்டு விடுகிறதென்பதும், அச்சில் எழுந்த மேடுபள்ளங்கள் பல சமயம் அந்தக் களிம்பிலேயே நிலைத்து நிற்கின்றனவேயன்றி அடியிலுள்ள உலோகத்தில் நிற்பதில்லையென்பதும், ஆகவே களிம்பைக் கரைப்பவன் அழுக்கைப் போக்குவதாக எண்ணிக்கொண்டு சாசனத்தையே கரைக்கிறான் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயங்கள். நல்லவேளையாக மறுபக்கத்தைத் தேய்ப்பதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

தேய்க்காத அந்தப் பக்கத்தைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்து, பக்கவாட்டில் ஒரு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, மேடான இடங்கள் ஒளிபெற்றும் பள்ளங்கள் இருண்டும் ஓர் உருவம் எழுந்து வந்தது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த பேத்தி, "தாத்தா, யாரோ காவடி எடுத்துக்கிட்டுப் போறாங்க; பின்னாடி ஒரு நாய்க்குட்டியை இழுத்துக்கிட்டுப் போறாங்க" என்றாள். அவள் சொன்னது தவறென்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வாரம் பிடித்தது. ஆனாலும் அந்த வர்ணனையைவிடச் சரியான வர்ணனையை எந்த நூற்பட்டியலிலும் நான் இதுவரை படித்ததில்லை. தோளில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் ஏதோ ஒரு பாரம், இடப்பக்கம் நோக்கிய நடை, ஒரு கை பின்னால் நீண்டு தரையில் குறுகிக் கிடக்கும் ஒரு சிற்றுருவத்தைப் பற்றியிழுக்கும் பாவனை, நடப்பவருக்கு முன்னால் வெற்றிடத்தில் கூட்டல் குறிபோல் ஒரு சின்னம்: இவ்வளவும் காசில் உண்மையாகவே இருக்கின்றன. பார்த்ததைப் பார்த்தபடி முதலில் எழுதி வைத்துவிட்டு, பொருளைப் பிறகு தேடுவதென்ற ஒழுங்கை அந்தக் குழந்தையிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். நானோ அதற்குள் இது சோழர் காசா, நாயக்கர் காசா என்று பெயர் தேடிக்கொண்டிருந்தேன்.

நம் நாட்டுக் காசா, பிறநாட்டுக் காசா என்ற கேள்விக்கே முதலில் விடை வேண்டியிருந்தது. சங்ககாலப் பாண்டியர் செப்புக்காசுகள் பெரும்பாலும் சதுரமாகவோ நீண்ட சதுரமாகவோ அமைந்து, யானையும் மீன் சின்னமும் தாங்கி வருபவை. என் காசு வட்டம். சோழர் செப்புக்காசு வட்டமானதாயினும், ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமுமாகத் தடித்துக் கனமாயிருக்கும். கடற்கரைப் பட்டினங்களில் அகப்படும் டச்சுக்காரர் துட்டில் கம்பெனியின் பின்னலெழுத்து முத்திரை இருக்கும். இவை யாவற்றையும் கழித்த பின்னும் ஓர் ஐயம் மிஞ்சும். காரணம், தமிழகத்துக் காசு ஒன்றே ரோமக்காசு போல வேடம் பூண்டு வருவதுண்டு. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்து, மாக்கோதை என்ற பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் தாங்கிய சேரர் வெள்ளிக்காசில், வலப்பக்கம் நோக்கிய ஒரு மனிதத் தலை ரோமச் சக்கரவர்த்திகளின் தலையை அப்படியே நினைவூட்டும்படி பொறிக்கப்பட்டிருக்கிறது. தலையை மட்டும் பார்த்துவிட்டு 'ரோம்' என்று கூவுகிற புதியவன் அவ்விடத்தில் தவறாமல் ஏமாறுவான். என் காசின் தேய்த்த பக்கத்திலும் ஒரு தலை இருந்தது. ஆனால் அதைச் சுற்றி எஞ்சிய எழுத்துகள் லத்தீன் எழுத்துகளாயிருந்தமையால் அந்தச் சந்தேகம் நீங்கிற்று.

ரோமக்காசு என்றவுடன் தமிழ் வாசகன் மனத்தில் எழும் சித்திரம் வேறு. மிளகுக்கும் முத்துக்கும் துகிலுக்கும் விலையாக யவனர் கப்பலில் கொண்டுவந்து கொட்டிய பொன்னும் வெள்ளியுமே நம் சரித்திரப் பாடங்களில் இடம் பெற்றவை, அச்சித்திரம் பொய்யுமன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, இந்தியாவும் சீனமும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தை ரோமிடமிருந்து உறிஞ்சிக்கொள்வதாகக் குறைபட்டுக்கொண்டார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ் வெள்ளிக்காசுக்குச் சமம் என்ற கணக்கில், அது இரண்டரைக் கோடி வெள்ளிக்காசு. அந்த வெள்ளியில் ஒரு சிறு பகுதி கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலும், உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூதிநத்தத்திலும் பானை பானையாக வெளிப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி இரண்டே வகை. ஒன்று, அகஸ்டஸின் தலையும், பின்புறத்தில் அவருடைய பேரப்பிள்ளைகளான கயஸும் லூசியஸும் கேடயத்தோடும் ஈட்டியோடும் நிற்கும் கோலமும் உடையது. மற்றொன்று, திபேரியஸின் தலையும், ஆசனத்தில் அமர்ந்த ஒரு பெண்ணுருவும் உடையது. இவ்விரண்டு வகையையும் நம்மவர்கள் இவ்வளவு விரும்பிச் சேர்த்ததற்கு அவற்றின் வெள்ளி சுத்தமாயிருந்ததே காரணம் என்பது பல ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். கி.பி. 64இல் நீரோ மன்னன் ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்துவந்த பழைய அளவை மாற்றி 96 காசாக்கி, வெள்ளியின் மாற்றையும் குறைத்த பிறகு, புதிய காசுகள் தமிழகத்துப் புதையல்களில் வெகுவாக அருகிப் போகின்றன. எடை தெரிந்த வியாபாரியின் கையில் சக்கரவர்த்தியின் முகத்துக்கு மதிப்பில்லை.

முகத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்வதற்கு இன்னொரு பிரத்தியட்ச சாட்சியமும் உண்டு. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜி. எப். ஹில் அவற்றைப் பற்றி எழுதினார். மிகப் பிந்தியவை வெஸ்பேசியன் காலத்தவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின்மீது, சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் ஓங்கி வெட்டிய தழும்பு ஒன்று காணப்படுகிறது. பொன் மெய்ப்பொன்தானா என்று சோதிப்பதற்காக வெட்டியிருக்கலாம் என்பர் சிலர். அந்நிய அரசனின் காசு இங்கே காசாகச் செல்லாது, உலோகமாகத்தான் செல்லும் என்பதற்கு அடையாளமாக வெட்டப்பட்டதென்பர் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி. சோதிப்பவனுக்கு விளிம்பில் ஒரு கீறலே போதும். இங்கே உளி குறிபார்த்து முகத்திலேயே இறங்கியிருக்கிறது. எவ்வாறாயினும், அந்த வெட்டு ரோமில் விழுந்ததன்று. ரோம நாட்டுக் காசுகளைப் பற்றி ஐரோப்பாவில் எழுந்த பெரும் பட்டியல்கள் ஒவ்வோர் அச்சையும் வகைப்படுத்தும்; இந்த வெட்டுக்கு அவற்றில் எண் இல்லை. காசுக்கு ஒரு பிறப்பும் பிறகு ஒரு வாழ்வும் உண்டென்றால், பட்டியல்கள் பிறப்பை மட்டுமே எழுதுகின்றன. நம் ஊரில் கிடைத்த காசை அடையாளம் காண்பவன் வாழ்வையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

கோபாலபுரத்திலிருந்து ஒரு மைல் இரண்டு மைல் தொலைவிலுள்ள மாம்பலத்திலேயே, நம் நாட்டு வெள்ளி முத்திரைக் காசுகள் நிறைந்த புதையலொன்றில் அகஸ்டஸ் காசு ஒன்றும் கலந்திருந்தது என்ற செய்தியைப் படித்தபோது, தினமும் துணிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டுப் போய்வருகிற அந்த இடத்தை நான் கொஞ்ச நாள் வேறு கண்ணோடு பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

என் காசோ பொன்னுமன்று, வெள்ளியுமன்று. ராயப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் தம் கண்ணாடிப் பெட்டித் தராசில் அதை வைத்து, எண்ணைப் படித்துவிட்டு, "சார், இதுல ஒரு குந்துமணி தங்கம்கூட இல்லையே, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டார். எடை 1.18 கிராம், குறுக்களவு 13 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களும், அதில் எந்த எழுத்தையும் படிப்பதற்கு முன்பே, காசின் வயதைப் பாதிக்கு மேல் சொல்லிவிட்டன. முதல் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகளில் பெரும்பாலானவை பத்துக் கிராம் அளவுக்கு உள்ளங்கையில் கனக்கும். நான்காம் நூற்றாண்டில் ஒரு சக்கரவர்த்தி மாற்றி ஒரு சக்கரவர்த்தி காசைத் திருத்துவதாகச் சொல்லிக் குறைத்துக்கொண்டே வந்ததில், அந்நூற்றாண்டின் இறுதியில் மிகச் சிறிய செப்புக்காசு ஒரு கிராம் அளவுக்கு வந்து நின்றுவிட்டது.

இத்தகைய சிறுகாசுகள் மதுரையில் வைகை மணலிலும், கரூரில் அமராவதி மணலிலும், பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரிலும் ஆயிரக்கணக்கில் அகப்பட்டிருக்கின்றன. நகைப் பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணையும் ஆற்று மணலையும் அரித்துப் பொன்துணுக்கு தேடும் ஏழை மக்களின் முறத்தில் தங்கியவை அவை. பழைய பாத்திரக்காரனின் உருக்கு மூசைக்குப் போனவை போக எஞ்சியவையே சேகரிப்பாளர்களை வந்தடைந்தன. அவ்வாறு வந்தவற்றைப் பொறுமையாகப் பிரித்து, எடையிட்டுப் படமெடுத்து, 1994இல் தனி நூலாக வெளியிட்டவர் 'தினமலர்' ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்ககாலக் காசுகளின் பிராமி எழுத்துகளைப் பற்றி அவருக்கு இணையான ஈடுபாட்டோடு ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனோ 'தினமணி' ஆசிரியராயிருந்தவர். தமிழ்நாட்டின் மிகப் பழைய காசெழுத்துகளை இரண்டு தினப்பத்திரிகை ஆசிரியர்கள் விடிந்தால் பழசாகிவிடும் செய்திகளுக்கிடையே அமர்ந்து படித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றுகிற ஒன்று.

இச்செப்புக்காசுகள் இங்கே ஏன் வந்தன என்ற கேள்விக்கு 1904இல் ராபர்ட் சீவெல் ஒரு விடை சொன்னார். பொன்னும் வெள்ளியும் சரக்குக்கு விலையாக வந்திருக்கக்கூடும். ஆனால் அன்றாடச் சில்லறைச் செலவுக்கன்றி வேறெதற்கும் உதவாத செப்புக்காசு மதுரையில் இவ்வளவு கிடைப்பதால், ரோம ராஜ்யத்துப் பிரஜைகள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய அனுமானம். நெடுநாள் செல்வாக்குப் பெற்ற அந்த அனுமானத்தை இன்று அப்படியே ஏற்பதற்கில்லை. இலங்கையிலும் இதே நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறுகாசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன; அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த போலிக்காசுகளும் அவற்றோடு கலந்து வருகின்றன. ரோமக்குடியேற்றத்துக்காக மட்டும் புழங்கிய பணத்துக்கு உள்ளூர்வாசிகள் போலி அடிக்க வேண்டிய அவசியமில்லை. சில்லறைத் தட்டுப்பாடு உள்ள சந்தைகளில், யார் தலை பொறித்ததாயினும் செப்பு வட்டம் வட்டமே என்று நம்மவர்களும் ஈழத்தவர்களும் அவற்றைக் கையாண்டிருக்கிறார்கள் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. என் காசின் உருவங்கள் மழுங்கியிருக்கும் விதமும் அதற்குத் துணை செய்கிறது: மண்ணின் அரிப்பு எங்கும் பரவலாகக் குழி விழச் செய்யும், விரல்களின் தேய்வோ கன்னம், மூக்கு, முழங்கால் ஆகிய மேடான இடங்களை மட்டும் வழவழப்பாக்கும். இதில் கன்னம்தான் போயிருக்கிறது.

இனி எழுத்துக்கு வருகிறேன். இந்தக் காலத்து ரோமக்காசின் தலைப்பக்கத்தில் எழுத்துகள், வலம் நோக்கிய தலையின் முதுகுப்புறத்தில், கீழே இடப்பக்கத்தில் தொடங்கி, உச்சியைச் சுற்றி வந்து, முகத்துக்கு முன்னால் மார்பருகே முடியும். தொடக்கத்தில் டி, என் என்ற இரண்டெழுத்து 'நம் பிரபு' என்னும் பொருளது. பின்பு சக்கரவர்த்தியின் பெயர். அதன்பின் பி, எப் என்ற எழுத்துகள் 'பக்தியும் பாக்கியமும் உடையவர்' என்பதன் சுருக்கம். கடைசியில் ஏ, வி, ஜி என்ற மூன்றெழுத்து 'அகஸ்டஸ்' என்ற பட்டத்தின் குறுக்கம். லத்தீனில் அக்காலத்தில் யு என்ற எழுத்துக்கும் வி என்றே பொறித்தார்கள் என்பதை மறந்தால் எந்தப் பெயரும் படிக்க வராது. என் காசிலோ வட்டத்தகடு அச்சைவிடச் சிறியதாய் இருந்தபடியால் இடப்புறத்து எழுத்துகள் அடிக்கும்போதே தகட்டுக்கு வெளியில் விழுந்துவிட்டன; பட்டமும், பெயரின் வாலும் மட்டும் எஞ்சின. வால் ஐ, வி, எஸ். தலையில் முத்துக்கோத்த பட்டம் கட்டி, பிடரியில் இரண்டு நாடா தொங்குவதால், இவர் இலைக்கிரீடம் அணிந்த பழைய சக்கரவர்த்திகளில் ஒருவரல்லர், கான்ஸ்டன்டைனுக்குப் பிற்பட்ட வழக்கத்தைச் சேர்ந்தவர் என்பதும் தெளிவாயிற்று.

பின்பக்கத்துக் காவடிக்கும் அப்போதுதான் பெயர் கிடைத்தது. நடப்பது விஜயதேவதை, தோளில் இருப்பது பகைவரிடமிருந்து பறித்த கவசத்தைக் கம்பில் மாட்டிய வெற்றிச் சின்னம், பின்னால் இழுபட்டு வருவது நாய்க்குட்டியன்று, தலைமயிர் பற்றி இழுக்கப்படும் ஒரு கைதி, முன்னால் தோன்றும் கூட்டல் குறி சிலுவையைச் சார்ந்த கிறிஸ்தவ முத்திரை. சுற்றிலும் இருக்க வேண்டிய வாசகம் 'சாலுஸ் ரெய்புப்ளிகே', அதாவது 'ராஜ்யத்தின் க்ஷேமம்'. கிறிஸ்தவச் சக்கரவர்த்தியின் காசில் பழைய சமயத்துத் தேவதை சிலுவைக்குப் பக்கத்தில் கூச்சமின்றி நடந்துபோகிற அழகை ரசிக்கலாம். க்ஷேமத்தைப் பற்றிய வாக்குறுதியை ரசிப்பது சற்றே கடினம்: கி.பி. 378இல் அட்ரியநோபிள் போரில் வேலன்ஸ் சக்கரவர்த்தி கோத்தியர் கையில் மடிந்த ஒரு தலைமுறைக்குள் அடித்த காசு இது. 410இல் அதே கோத்தியர் ரோம் நகரத்தையே கொள்ளையிட்டார்கள். கைதியை இழுத்துச் செல்லும் படத்தைக் காசுதோறும் பொறிக்க வேண்டிய நெருக்கடி இருந்த ராஜ்யம் அது.

கிழக்குநாட்டு அக்கசாலைகளில் இந்தப் பின்பக்கத்தைப் பொறித்துக்கொண்ட சக்கரவர்த்திகள் நால்வர்: இரண்டாம் வாலெண்டினியன், தியோடோசியஸ், அவருடைய புதல்வர்கள் ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ். வாலெண்டினியனின் பெயர் ஐ, வி, எஸ் என்று முடியாது; அவரை முதலிலேயே தள்ளிவிடலாம். மற்ற மூவர் பெயருக்கும் வால் ஒன்றே. அந்த வாலுக்கு முன்னால் நிற்கும் எழுத்துத்தான் வழக்கைத் தீர்க்க வேண்டியது: தியோடோசியஸாயின் எஸ், ஆர்க்காடியஸாயின் டி, ஹொனோரியஸாயின் ஆர். என் காசில் அவ்விடத்தில் நிமிர்ந்த ஒரு கோடும், அதன் தலையிலிருந்து வலப்பக்கம் வளையும் ஒரு வில்லும் இருக்கின்றன. எஸ் ஆகாது, தந்தை விலகினார். அந்த வில் அடிவரை வந்து மூடினால் டி. பாதியில் திரும்பி ஒரு கால் இறங்கினால் ஆர். கோட்டின் கீழ்ப்பாதி இருக்க வேண்டிய இடத்திலோ பளபளவென்று சிவந்த செம்பு, என் தேங்காய்நாரின் வரிகளோடு, கண்ணாடி போல் மின்னுகிறது.

பெயரின் நீளத்தை வைத்தாவது முடிவு செய்யலாமா என்று பார்த்தேன். விட்டுப்போன எழுத்துகளுக்கு எவ்வளவு இடம் தேவை என்று வட்டத்தின் வளைவைக் காகிதத்தில் வரைந்து அளப்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் உபாயம். லத்தீனில் ஆர்க்காடியஸ் எட்டெழுத்து, ஹொனோரியஸும் எட்டெழுத்து. அண்ணன் 383இலும் தம்பி 393இலும் அகஸ்டஸ் பட்டம் பெற்றவர்கள். ஆகவே யார் என்று தெரிந்தால் காசின் முன்னெல்லை பத்தாண்டு நகரும். தெரியவில்லை. பின்பக்கத்தில், உருவங்களின் கீழ்க்கோட்டுக்கு அடியில் அக்கசாலையின் பெயர் சுருக்கமாக இருக்கும். ஏ, என், டி என்று இருந்தால் அந்தியோக்கியா, ஏ, எல், ஈ என்றால் அலெக்சாந்திரியா, சி, ஓ, என், எஸ் என்றால் கான்ஸ்டாண்டிநோபிள். செங்கடல் வழியை நினைத்து அலெக்சாந்திரியாவாய் இருக்கக்கூடாதா என்று மனம் ஆசைப்பட்டது. ஆனால் தகடு அங்கேயும் போதவில்லை. விரும்பும் விடையை எழுத்தில் காண்பது இத்தொழிலில் எளிதாக வரும் வியாதி. இரண்டு நாள் அந்த வெற்றிடத்தில் எனக்கு 'எல்' தெரிந்தது, மூன்றாம் நாள் விளக்கை எதிர்ப்பக்கம் வைத்ததும் மறைந்தது.

இவற்றையெல்லாம் நான் சுயமாகக் கண்டுபிடித்ததாக நினைத்துவிட வேண்டாம். 1923இல் முதல் பகுதியும் 1994இல் பத்தாம் பகுதியும் வெளிவந்து, தலைமுறை தலைமுறையாக ஆங்கில அறிஞர்கள் தொகுத்த ரோமப் பேரரசுக் காசுப் பட்டியலில், 1951இல் பியர்ஸ் எழுதிய ஒன்பதாம் பகுதியே எனக்கு வேண்டியதாயிருந்தது. செப்புக்காசுக்கென்றே கார்சன், ஹில் (முன்பு சொன்ன ஹில் அல்லர்), கென்ட் மூவரும் 1960இல் வெளியிட்ட கையடக்க நூல் அதைவிடச் சுலபம். நம் சென்னையும் இத்துறையில் பின்தங்கியதன்று. கேப்டன் டப்னெல் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் தென்னிந்தியக் காசு சேகரிப்போருக்கென்றே 1889இல் இங்கு ஒரு சிறு வழிகாட்டி எழுதினார். எழும்பூர் மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அங்குள்ள ரோமக்காசுகளுக்குப் பட்டியல் தயாரித்தார். பாந்தியன் சாலையில் அந்த மியூசியமும், அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் அருகருகே இருப்பதால், காலையில் புத்தகத்தில் பார்த்த வகையை மாலையில் கண்ணாடிப் பேழைக்குள் பார்க்கும் பாக்கியம் சென்னைவாசிக்கு உண்டு. பார்க்கலாமே தவிரத் தொடவோ திருப்பவோ முடியாது. ஆகையால் பேழைக்குள் இருப்பது எப்போதும் ஒரு பக்கக் காசு.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அங்கே பெயர் சொல்ல வேண்டாத ஒரு வியாபாரியிடம் திபேரியஸ் வெள்ளிக்காசு என்று ஒன்றை வாங்கினேன். விளிம்பைச் சுற்றி மெல்லிய பொருத்துக்கோடு ஓடியதும், எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டியில் எழுதினாற்போல் வழுக்கியதும், மேற்பரப்பில் குமிழ் வெடித்த ஊசிப்புள்ளிகள் இருந்ததும், வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகுதான் கண்ணில் பட்டன. அச்சில் ஓங்கி அடித்த காசுக்கு இவை வாரா. இவை வார்ப்படக்காரனின் கையெழுத்துகள். போலிகளிலும் பழைய போலி வேறு, புதிய போலி வேறு. இலங்கையிலும் இங்கும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்பே சில்லறைக்காக அடித்த போலி, ரோமில் அடித்ததைக் காட்டிலும் நமக்கு அதிகச் செய்தி சொல்வது. எழுத்தறியாத அச்சுவெட்டி லத்தீனைக் கோடும் புள்ளியுமாக மாற்றிவிட்ட அத்தகைய காசைப் 'படிக்க முடியவில்லை' என்று தள்ளுகிற புதியவன் நல்ல பொருளைத் தள்ளுகிறான். மண்ணிலிருந்து பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் எடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உண்டு; நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டுக்குக் கொண்டு போகவும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

எனினும் எந்தச் சட்டத்தாலும் மீட்க முடியாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. அது காசு கிடைத்த இடத்தின் நஷ்டம். வைகை கடலில் கலக்கும் அழகன்குளத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, நான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த இதே இனத்து ரோமச் செப்புக்காசுகள் மண் அடுக்கில் தங்கள் இடத்திலேயே கிடைத்தன. அவற்றின் மேலும் கீழும் கிடந்த பானையோடுகளே அவற்றின் சாட்சிகள். அவற்றில் ஒன்று பெயர் தெரியாமல் மழுங்கியிருந்தாலும், அந்தத் துறைமுகம் அக்காலத்திலும் உயிரோடிருந்தது என்று அது சொல்லிவிடும். கடைவீதியில் கைமாறும் காசு, சக்கரவர்த்தியின் பெயரைத் தெள்ளத்தெளிவாகக் காட்டினாலும், அப்படியொன்றும் சொல்லாது. எந்தக் காசையும் 'கரூர் காசு சார்' என்று நீட்டுவது விற்பவர் வழக்கம். என் மாமனாரின் டப்பாவில் இருந்ததும் கரூரிலிருந்து வந்ததென்றே நம்புகிறேன். அவர் அங்கே ஒன்பது வருஷம் இருந்தார், மாலைகளில் அமராவதிக்கரைக்கு நடந்து போவார், மணல் அரிப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பார் என்பதெல்லாம் என் மனைவிக்குத் தெரியும்; டப்பாவைப் பற்றி மட்டும் அவர் ஒருநாளும் பேசியதில்லை. அதே உத்தியோகத்தில் அவர் மதுரையிலும் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார்.

காசை இப்போது ஒரு சிறு காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உறையின்மேல் பென்சிலால் எழுதியிருப்பது இது: 'ரோமச் செப்புக்காசு. கி.பி. 383க்குப் பின். ஆர்க்காடியஸ் அல்லது ஹொனோரியஸ். பின்பக்கம் விஜயதேவதையும் கைதியும். அக்கசாலை தகட்டில் விழவில்லை. 1.18 கிராம், 13 மி.மீ. கரூர், அனுமானம், மதுரையாகவும் இருக்கலாம். தலைப்பக்கம் புளியிட்டுத் தேய்க்கப்பட்டது, என்னால்.' பேத்தி அதன் அடியில் தன் கையெழுத்தில் 'காவடி' என்று சேர்த்திருக்கிறாள். அதை நான் அழிக்கவில்லை.